ஒரு நாளைக்கு முப்பத்துநாலு வீழ்ச்சி

“சிரிங்க பாய்! பல்லைக் காட்டிச் சிரிங்க!”

ஆம்புலன்ஸுக்குள் மண்டியிட்டு உட்கார்ந்து ஜெசிந்தா கத்தினாள். வண்டி மேலப்பாளையம் சந்தை முக்கில் ஒரு வாழைத்தார் லாரிக்குப் பின்னால் சிக்கியிருந்தது. சைரன் அலறியது. லாரிக்காரன் அசைவதாக இல்லை.

ஸ்ட்ரெச்சரில் கிடந்த செய்யது மசூது சிரித்துப் பார்த்தார். முகத்தின் இடது பாதி சிரித்தது. வலது பாதி எனக்கென்ன என்று தொங்கியது.

“ரெண்டு கையையும் தூக்குங்க.”

இடது கை மட்டும் எழுந்தது.

“பேரைச் சொல்லுங்க பாய். உங்க பேரு.”

முப்பது வருஷம் அரசு பஸ்ஸில் செக்கராக இருந்த மனிதர். பின்படிக்கட்டில் தொங்குகிறவனை முன்சீட்டிலிருந்தே அதட்டிய தொண்டை அது. அதிலிருந்து கொழகொழவென்று ஒரு சத்தம்தான் வந்தது.

“யா அல்லாஹ்! சிஸ்டர், காலையில பத்தரைக்குக்கூட சாயாவுல சீனி பத்தலைன்னு என்கிட்ட சண்டை போட்டாங்களே!” மகள் ரகுமத் தலையில் அடித்துக்கொண்டாள்.

“பத்தரைக்கு நல்லாப் பேசினாங்க. அது உறுதிதானே?”

“தெருவுல மூணு வீட்டுக்குக் கேட்டுது.”

ஜெசிந்தா பேனாவை எடுத்துத் தன் உள்ளங்கையில் 10.30 என்று எழுதினாள். இப்போது மணி பதினொன்று ஐந்து. மூளை அடைப்பைக் கரைக்கிற ஊசிக்கு நாலரை மணி நேரம் கெடு. பிற்பகல் மூன்று மணி தாண்டினால் ஊசி கிடையாது. அதற்குள்ளும் ஒவ்வொரு நிமிஷத்துக்கும் மூளையில் கொஞ்சம் கொஞ்சம் செத்துக்கொண்டிருக்கும்.

“எப்படி சிஸ்டர் வரும்? வாப்பா நெஞ்சுலதான் அந்தப் பெட்டி இருக்கே! இனிமே வாதமே வராதுன்னு சொல்லித்தானே வச்சாங்க?”

அதுதான் ஜெசிந்தாவுக்கும் புரியவில்லை.

மசூதின் வலது காறை எலும்புக்குக் கீழே, தோலுக்கு அடியில், தீப்பெட்டி அளவில் ஒரு மேடு. நாடிக்காவல். வயதானவர்களின் இதயம் தாளம் தப்பித் துடித்தால் மேலறையில் ரத்தம் தேங்கும். தேங்கினால் உறையும். உறைந்த துணுக்கு மூளைக்குப் புறப்பட்டால் இப்படித்தான் பாதி முகம் தொங்கும். அதைத் தடுக்க ரத்தத்தை மெலியவைக்கும் மருந்து. குறைந்தால் அடைப்பு, கூடினால் கசிவு. ஒரு காலத்தில் மாசாமாசம் விரலில் குத்தி, அளவு பார்த்து, மாத்திரையைக் கூட்டிக் குறைத்தது ஜெசிந்தாவைப் போன்ற நர்சுகள். அப்போது மசூதுக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தவளும் அவள்தான். எட்டு வருஷமாக அந்த வேலையைப் பெட்டி பார்க்கிறது. ரத்தத்தை அதுவே அளந்து, மருந்தை அதுவே துளித்துளியாக விடும். இதயத்தில் இரும்பு வால்வு வைத்த சிலருக்குத்தான் இன்னும் பழைய மாத்திரை, பழைய விரல்குத்தல். அப்படி ஒரு பெண்ணைப் பார்க்கத்தான் ஜெசிந்தா பக்கத்து வீட்டுக்கு வந்திருந்தாள். வந்த இடத்தில்தான் ரகுமத்தின் அலறல்.

ஆம்புலன்ஸ் பணியாளர் சர்க்கரை பார்க்க மசூதின் விரலில் குத்தினார். ஒரு சொட்டு. பஞ்சை வைத்து எடுத்தார்.

ஜெசிந்தாவின் கண் அந்த விரலிலேயே நின்றது.

ரத்தம் நின்றுவிட்டது. பஞ்சை எடுத்த கையோடு நின்றுவிட்டது. இருபது வருஷத்தில் ஆயிரக்கணக்கான விரல்களைக் குத்தியவள் அவள். மெலிந்த ரத்தம் இத்தனை சீக்கிரம் நிற்காது. துடைக்கத் துடைக்க அடம்பிடித்துக்கொண்டு வரும்.

“அண்ணாச்சி, லாரி மேல மோதுங்க, பரவாயில்ல!” என்றாள் டிரைவரிடம்.

அவர் மோதவில்லை. ஆனால் இறங்கிப்போய்ச் சொன்ன சொல்லில் லாரி நகர்ந்தது.

*

அவசரப் பிரிவில் டாக்டர் சுபிக்‌ஷா ஸ்கேன் படத்தைப் பார்த்தார். முப்பது வயதுகூட ஆகாத முகம், மூன்று நாள் தூங்காத கண்.

“கசிவு இல்ல. அடைப்புதான். இடது பக்கம். பேச்சு, வலது கை, வலது கால் மூணும் போற இடம்.”

“அப்ப ஊசி போடுங்க டாக்டர்.”

“எப்படிப் போடறது?” சுபிக்‌ஷா தன் போனை மசூதின் நெஞ்சருகே காட்டினார். திரையில் பச்சை வட்டம். ‘நாடிக்காவல் சீராக இயங்குகிறது.’ “பெட்டி ஓடிட்டிருக்கு. ரத்தம் ஏற்கெனவே மெலிஞ்சிருக்கு. அதுக்கு மேல கரைக்கிற ஊசியும் போட்டா மூளைக்குள்ள ரத்தம் பீறிடும். கொன்னுட்டேன்னு என்னைத்தான் சொல்லுவாங்க.”

“இவர் ரத்தம் மெலியல.”

“பச்சை காட்டுதே?”

“விரல் வேற காட்டுது.”

“சிஸ்டர், லேபுக்கு அனுப்பியிருக்கேன். முக்கால் மணி நேரத்துல ரிசல்ட் வந்துடும்.”

“முக்கால் மணி நேரத்துல இவர் வாயி போயிரும்!”

ஜெசிந்தா தோள்பையைக் கவிழ்த்தாள். வீட்டுச் சாவி, சாப்பாட்டு டப்பா, ஜெபமாலை, கடைசியாக அவளுடைய கையடக்க மீட்டர். யாரையும் கேட்காமல் மசூதின் இன்னொரு விரலைக் குத்தி, சொட்டைப் பட்டையில் ஏந்தினாள். மீட்டர் முனகியது. மெலிவு மருந்து எடுக்கிறவர்களுக்கு அந்த எண் இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் இருக்க வேண்டும். எதுவுமே எடுக்காதவர்களுக்கு ஒன்று.

எண் எழுந்தது. 1.0.

மூவரும் அதைப் பார்த்தார்கள்.

“நான் எதை நம்பறது சிஸ்டர்?” சுபிக்‌ஷாவின் குரல் இறங்கியிருந்தது.

“இது ரத்தம் சொல்லுது டாக்டர். அது கம்பெனி சொல்லுது.”

சுபிக்‌ஷா இன்னொரு பட்டையைக் கேட்டு வாங்கி, தன் கையாலேயே மறுபடி குத்திப் பார்த்தார். மறுபடி 1.0. ரகுமத் சம்மதத் தாளில் கையெழுத்துப் போட்டாள்.

பதினொன்று ஐம்பத்திரண்டுக்கு ஊசி ஏறியது.

*

உயிர் தப்பியது. கால் தப்பியது. மூன்றாம் நாள் மசூது வார்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நாலடி நடந்தார். பேச்சு மட்டும் திரும்பவில்லை. முழுக்கத் திரும்பவில்லை என்பதுதான் சரி. ஒரே ஒரு சொல் வந்தது.

“டிக்கெட்” என்றார் ஜெசிந்தாவைப் பார்த்து.

“என்ன வேணும் பாய்?”

“டிக்கெட்… டிக்கெட்.” தண்ணீர்ச் செம்பைக் காட்டினார்.

“எல்லாத்துக்கும் அதுதான் சிஸ்டர்” என்றாள் ரகுமத். “தண்ணிக்கும் அதுதான், எனக்கும் அதுதான். பக்கத்துப் பெட் ஆளு, ‘நான் வித்தவுட்டு பாய், இறக்கி விட்டுருங்க’ன்னு கேலி பண்ணுதாரு. வாப்பாவும் சிரிக்காங்க.” அவளும் சிரிக்கப் பார்த்தாள். முடியவில்லை. “நேத்து பாங்கு சத்தம் கேட்டுக் கட்டில்ல இருந்தபடியே தொழுகைக்குக் கையைக் கட்டினாங்க. அல்ஹம்துன்னு ஆரம்பிக்கப் பாக்காங்க, டிக்கெட்டுன்னு வருது. ரெண்டு தடவை, மூணு தடவை. அப்புறம் சுவத்தைப் பாத்துத் திரும்பிப் படுத்துக்கிட்டாங்க.”

ஜெசிந்தாவுக்குக் காதுமடல் சூடேறியது. யாரையாவது கன்னத்தில் அறைய வேண்டும் போலிருந்தது.

சரியாக அந்த நேரத்தில், ஆப்பிளும் மாதுளையும் அடுக்கிய பழக்கூடை ஒன்றைத் தூக்கிக்கொண்டு, நாடிக்காவல் கம்பெனியின் பொறியாளர் நவநீதன் வார்டுக்குள் வந்தான். சென்னையிலிருந்து காலை விமானத்தில் தூத்துக்குடி வந்து, அங்கிருந்து காரில் வந்தவன். சட்டை கசங்கவில்லை.

“கூடையைக் கீழ வைங்க” என்றாள் ஜெசிந்தா. “பெட்டி ஓடுச்சா, ஓடலையா? அதை மட்டும் சொல்லுங்க.”

“ஓடுச்சு மேடம். நல்லா ஓடுச்சு.”

“பின்ன ரத்தம் ஏன் தண்ணியா இல்ல?”

நவநீதன் மடிக்கணினியைத் திறந்தான். பதிவுகளை வரிவரியாக உருட்டினான்.

“மருந்தை நிறுத்தியிருக்கு. நாப்பத்தொரு நாளா.”

“யாரு நிறுத்தினா?”

“பெட்டியேதான். போன மாசம் எல்லாப் பெட்டிக்கும் ஒரு புது விதி அனுப்பினோம். அடிக்கடி கீழ விழறவங்களுக்கு மருந்தை நிறுத்திடணும்னு. ரத்தம் மெலிஞ்ச ஆளு விழுந்து தலையில அடிபட்டா கசிவு நிக்காது இல்லையா? ஒரு பாதுகாப்புக்குத்தான்.”

“வாப்பா எங்க விழுந்தாங்க?” என்றாள் ரகுமத்.

“விழுந்திருக்காரும்மா. பெட்டிக்குள்ள அசைவு பார்க்கிற சில்லு இருக்கு, அது பொய் சொல்லாது.” நவநீதன் திரையைத் திருப்பினான். “பாருங்க. ஒரு நாளைக்கு முப்பத்துநாலு தடவை விழுந்திருக்கார். தினமும் முப்பத்துநாலு.”

“முப்பத்துநாலா?” ஜெசிந்தாவுக்குச் சிரிப்பா கோபமா என்று தெரியாத ஒன்று வந்தது. “ஏம்ப்பா, ஒரு மனுஷன் ஒரு நாளைக்கு முப்பத்துநாலு தடவை விழுந்துட்டு, மறுநாளும் எந்திரிச்சு வந்து கரெக்டா முப்பத்துநாலு தடவை விழுவானா?”

ரகுமத் திரையை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். வீழ்ச்சிகள் ஐந்து கொத்தாக இருந்தன. விடியலில் நாலு. மதியம் எட்டு. சாயங்காலம் எட்டு. பொழுதடையும் மஃரிப் நேரத்தில் ஆறு. ராத்திரி எட்டு.

“அட பாவிகளா!” என்றாள். “இது ஸஜ்தா!”

“என்னது?”

“தொழுகையில நெத்தியைத் தரையில வைப்போம்லா, அது. அஞ்சு வேளைக்கும் கட்டாயமான பர்லு மட்டும் சேத்தா பதினேழு ரக்அத், பதினேழு சுத்து. ஒண்ணுக்கு ரெண்டு ஸஜ்தா. முப்பத்துநாலு. வாப்பாவுக்கு முட்டி வலி. கூடுதலாத் தொழுற சுன்னத்தை நாற்காலியில உக்காந்து தொழுதுருவாங்க. பர்லை மட்டும் தரையிலதான் தொழுவேன்னு பிடிவாதம். கடைசி ஒரு சாண் முட்டி தாங்காது, தொப்புனு இறங்குவாங்க.” அவள் குரல் உடைந்தது. “அல்லாவுக்கு முன்னால குனிஞ்சதுக்கா மருந்தை நிறுத்தினிய?”

பழக்கூடை நடுவில் அபத்தமாக உட்கார்ந்திருந்தது.

“சரி, நிறுத்தினிய” என்றாள் ஜெசிந்தா. அவளுடைய குரல் இப்போது மெதுவாக இருந்தது. வார்டில் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும், அவள் மெதுவாகப் பேசினால் ஒதுங்கிக்கொள்ள வேண்டும். “ஒரு வார்த்தை சொன்னியளா? இந்தப் பிள்ளைகிட்ட? டாக்டர்கிட்ட? எதுக்கு அந்தப் பச்சை வட்டம்?”

“பச்சைன்னா கருவி பழுதில்லாம ஓடுதுன்னு அர்த்தம் மேடம். மருந்து போகுதுன்னு அர்த்தம் இல்ல. மருந்து நின்னது பெட்டியோட உள்பதிவுல இருக்கும்.”

“உள்பதிவை யாரு பாப்பா?”

“நாங்க.”

“பாத்தியளா?”

நவநீதன் மடிக்கணினியைப் பாதி மூடினான்.

“கசிவு வந்தா என்ன செய்வீங்க?”

“இருபத்துநாலு மணி நேரத்துல அரசாங்கத்துக்குத் தகவல் சொல்லணும். விசாரணை, நஷ்டஈடு எல்லாம் உண்டு. ஒரே மாவட்டத்துல மூணு கசிவு வந்தா உரிமமே போயிடும்.”

“வாதம் வந்தா?”

நவநீதன் தரையைப் பார்த்தான். “அது… வயசானவங்களுக்கு வர்றதுதானே மேடம். அதுக்குத் தனியா பதிவு கிடையாது.”

“அப்ப ரத்தம் கசிஞ்சா உங்க குத்தம். வாயி கோணினா வயசு குத்தம். நல்லாருக்குப்பா உங்க நியாயம்! இந்த மாவட்டத்துல எத்தனை பேருக்கு இப்படி நிறுத்தி வச்சிருக்கீங்க?”

சொல்லக் கூடாது என்று அவனுக்கு உத்தரவு இருந்திருக்க வேண்டும். கட்டிலிலிருந்து மசூது அவனைப் பார்த்து, இடது கையை நீட்டி, செக்கர் கேட்கிற அதே தோரணையில், “டிக்கெட்” என்றார்.

அவன் சொல்லிவிட்டான்.

“ஆயிரத்து நூத்து அறுபத்துமூணு.”

*

விசாரணைக்கு ஒன்பது நாள் ஆயிற்று. அந்த ஒன்பது நாளில் ஜெசிந்தா மனு எழுதினாள், பத்திரிகைக்காரர்களைப் பார்த்தாள், டாக்டர் சுபிக்‌ஷாவைக் கெஞ்சி அறிக்கை வாங்கினாள். நாடிக்காவல் வைத்தவர்களின் வீடுகளைத் தேடித்தேடி விரலைக் குத்தினாள். பாளையங்கோட்டையில் தினமும் நூற்றெட்டு நமஸ்காரம் செய்கிற ஓய்வுபெற்ற தாசில்தார் ஒருவர்: 1.0. முறப்பநாட்டில் தவழ்ந்து தவழ்ந்து வயலில் களை பறிக்கிற அம்மாள்: 1.1. டவுனில், உண்மையாகவே மாசத்துக்கு இரண்டு தடவை குளியலறையில் வழுக்கி விழுகிற தையல்காரர்: 1.0. எல்லாருடைய நெஞ்சிலும் பச்சை.

ஒன்பது நாளில் அந்த ஆயிரத்து நூற்று அறுபத்துமூன்று பேரில் நாலு பேருக்கு வாதம் வந்தது. இருவர் இறந்தார்கள். அதில் ஒருவர் அந்தத் தையல்காரர். அவருடைய மனைவி போனில் சொன்னது இதுதான்: “வயசாயிருச்சுல்லா சிஸ்டர், என்ன செய்ய?” ஜெசிந்தா போனை வைத்துவிட்டுச் சமையலறைச் சுவரில் கையை ஓங்கிக் குத்தினாள். விரல் முட்டி வீங்கிப்போயிற்று.

மாவட்டச் சுகாதார அலுவலகத்து வராந்தாவில், அறைக்குள் போகுமுன் நவநீதன் அவளை வழிமறித்தான். இந்தத் தடவை சட்டை கசங்கியிருந்தது.

“மேடம், ஒரே ஒரு விஷயம். ஸஜ்தா, நமஸ்காரம் எல்லாத்தையும் கம்பெனி ஒத்துக்கும். குனிஞ்சதை விழுந்ததா எண்ணிட்ட அந்த இருநூத்துப் பதினோரு பேருக்கும் இன்னிக்கே மருந்தை ஓட விட்டுடுவோம். உங்களுக்கு ஜெயம். அதோட நிறுத்திக்கங்க.”

“மீதித் தொள்ளாயிரத்து அம்பத்திரண்டு பேரு?”

“அவங்க நெசமாவே விழறவங்க. அவங்களுக்கு விதி விதிதான். அந்த விதி எங்கேருந்து வந்துச்சுன்னு மட்டும் உள்ள கேக்காதீங்க. உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்.”

“மிரட்டுதீயளோ?”

“இல்ல மேடம். சத்தியமா இல்ல.”

“எந்த மேலாளரைக் காப்பாத்தப் பாக்கீங்க? ஏசி ரூம்புல உக்காந்து எந்த முட்டாள் எழுதின விதி அது? அவன் பேரை வெளிய கொண்டாராம இன்னிக்கு நான் வீட்டுக்குப் போறதா இல்ல.”

நவநீதன் என்னவோ சொல்ல வந்தான். அவள் அவனைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

இணை இயக்குநர் வனஜா கண்டிப்பானவர், ஆனால் காது கொடுத்துக் கேட்கிறவர். இருநூற்றுப் பதினோரு பேருக்கு உடனே மருந்தை ஓடவிட உத்தரவு பத்து நிமிஷத்தில் தயாராயிற்று. ரகுமத் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பத்திரிகைக்காரர்கள் எழுந்திருக்கப் பார்த்தார்கள்.

“முடியல மேடம்” என்றாள் ஜெசிந்தா. “விழறவங்களுக்கு மட்டும் அடைப்பு வராதா? டாக்டரைக் கேளுங்க.”

சுபிக்‌ஷா எழுந்தார். “விழற ஆளுக்கும் மருந்தால வர்ற நன்மைதான் பெரும்பாலும் அதிகம் மேடம். கசிவு பயம் இருக்கு, இல்லைன்னு சொல்லல. அதை ஆளாளுக்கு உக்காந்து பார்த்து முடிவு பண்ணணும். முதல்ல விழறதைத்தான் நிறுத்தணும். கண்ணாடியை மாத்தணும், பாத்ரூம்ல கைப்பிடி போடணும், தூக்க மாத்திரையைக் குறைக்கணும். மருந்தை நிறுத்திட்டா ஆள் விழறது நிக்கப் போறதில்ல. விழுந்துகிட்டே வாதமும் சேர்த்து வாங்குவாங்க.”

வனஜா நவநீதனைப் பார்த்தார். “இந்த விதி உங்க கம்பெனி சும்மா உக்காந்து யோசிச்சதா, இல்ல வைத்திய அனுபவத்துல இருந்து வந்ததா? அது எனக்குத் தெரியணும். கம்பெனி இஷ்டத்துக்குப் போட்ட விதின்னா இப்பவே ரத்து பண்ணிடுவேன். நோயாளிகளைப் பார்த்த அனுபவம்னா நான் கை வைக்க முடியாது. நிபுணர் குழுவுக்குத்தான் அனுப்பணும். நாலு மாசம் ஆகும்.”

நாலு மாசம். ஒன்பது நாளில் நாலு பேர். ஜெசிந்தாவுக்கு மனக்கணக்கு தானாக ஓடியது.

“அவரால சொல்ல முடியாது மேடம்” என்றாள் அவள். “வராந்தாவுலயே அதை மட்டும் கேக்காதீங்கன்னு என்கிட்ட கெஞ்சினாரு. நான் கேக்கேன். எங்கேருந்து வந்துச்சு அந்த விதி? யாரு சொல்லிக் குடுத்தா உங்க மெஷினுக்கு?”

நவநீதன் அவளையே பார்த்தான். அவன் கண்ணில் இருந்தது பயம் இல்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அது பரிதாபம்.

“விதியை நாங்க யாரும் எழுதல மேடம்” என்றான். “மெஷின் தானா கத்துக்கிச்சு, நாங்க அதை எல்லாப் பெட்டிக்கும் அனுப்பினோம். மெலிவு மருந்து கிளினிக்குகளோட பழைய பதிவேடுகளை அரசாங்கம் எங்களுக்குக் கொடுத்துச்சு. இருபது வருஷப் பதிவு. அதுல ஒரு கிளினிக்ல மட்டும், விழறாங்கன்னு மருந்தை நிறுத்தின முன்னூத்துப் பன்னெண்டு பேர் இருந்தாங்க. அத்தனை பேரையும் மாசாமாசம் தொடர்ந்து பார்த்திருக்காங்க. ஒருத்தருக்குக்கூடக் கசிவு வரல. ஒருத்தருக்குக்கூட வாதமும் வரல. இவ்வளவு சுத்தமான பலன் நாட்டுல வேற எங்கயுமே இல்ல. மெஷின் அதைத்தான் சிறந்த வைத்தியம்னு எடுத்துக்கிச்சு.”

அவன் மடிக்கணினியைத் தட்ட, சுவரில் பதிவேட்டின் ஒரு பக்கம் படமாக விழுந்தது. கோடு போட்ட நீளப் பதிவேடு. பெயர். வயது. ‘அடிக்கடி விழுகிறார். மருந்து நிறுத்தம்.’ அதற்குப் பக்கத்தில், மாதம் மாதமாகக் கட்டங்கள். கசிவு: இல்லை. வாதம்: இல்லை. இல்லை. இல்லை. இல்லை. வலது பக்கம் சாய்ந்த, வேகமான, நீல மைக் கையெழுத்து.

சிலுவையைப் பார்த்தமாதிரி ஜெசிந்தா அதைப் பார்த்தாள்.

“அசந்து போற பதிவு” என்றார் வனஜா. குரலில் மரியாதை ஏறியிருந்தது. “இப்படி ஒரு நர்ஸ் கைப்பட எழுதினதை நான் எப்படித் தள்ள முடியும்? குழுவுக்குத்தான் போகணும். எந்தக் கிளினிக் இது?”

நவநீதன் ஜெசிந்தாவிடமிருந்து கண்ணைத் திருப்பிக்கொண்டான். ரகுமத் சுவரையும் ஜெசிந்தாவையும் மாறிமாறிப் பார்த்தாள். பெட்டி வருமுன் அவள் வாப்பாவுக்கு மருந்துச் சீட்டு எழுதிக் கொடுத்த கை அது. அவளுக்குத் தெரியாதா?

ஜெசிந்தா பேசாமல் உட்கார்ந்தால் அதற்கு மேல் யாரும் தோண்டப்போவதில்லை. இருநூற்றுப் பதினோரு பேரை மீட்டவள் என்று நாளைக் காலைப் பத்திரிகையில் படம் வரும். மீதிப் பேருக்கு நாலு மாசம்.

ஜெசிந்தா எழுந்தாள். வீங்கிய கையால் மைக்கைப் பிடித்தாள்.

“பாளையங்கோட்டை கிளினிக் மேடம். அது என் கையெழுத்து.”

ஒரு பத்திரிகைக்காரர் பேனாவைத் திறந்தார். ஜெசிந்தா தொடர்ந்தாள்.

“நிறுத்தச் சொல்லி எந்த டாக்டரும் சொல்லல. டாக்டர் வேலையிடம் அப்ப மூணு வருஷம் காலியா கிடந்துச்சு. ஒரு பெரியவரு விழுந்து, தலைக்குள்ள கசிஞ்சு செத்தாரு. அவரு பிள்ளைங்க வந்து கிளினிக் கண்ணாடியை உடைச்சாங்க. எனக்கு மெமோ வந்துச்சு. அதுக்கப்புறம் விழுந்தேன்னு யாரு வந்து சொன்னாலும் நான் மாத்திரையை நிறுத்திட்டேன். பயம் மேடம். வேற ஒண்ணும் இல்ல.”

“சரிம்மா” என்றார் வனஜா மெதுவாக. “ஆனா பயந்து செஞ்சாலும் அது நல்லபடியாத்தானே முடிஞ்சிருக்கு? முன்னூத்துப் பன்னெண்டு பேர். மாசாமாசம் நீங்களே பார்த்து எழுதியிருக்கீங்களே?”

“பாக்கல மேடம்.”

“என்ன?”

“மருந்தே இல்லாதவங்க எதுக்கு மாசாமாசம் கிளினிக் வரணும்? நிறுத்தின அன்னைக்கு வீட்டுக்குப் போனவங்கதான். ஒருத்தரும் திரும்பி வரல. கட்டம் காலியா இருந்தா மாச ரிப்போர்ட் மேலிடத்துலருந்து திரும்பி வந்துரும், விளக்கம் கேப்பாங்க. அதனால மாசக் கடைசியில, மேசையில உக்காந்து…”

சுவரில் இருந்த தன் கையெழுத்தை விரலால் காட்டினாள். அவள் நிறுத்தவில்லை.

“அவங்க உசுரோட இருக்காங்களா செத்தாங்களான்னு தெரியாமலே, முன்னூத்துப் பன்னெண்டு பேருக்கும் நான்தான் ‘இல்லை’ன்னு எழுதினேன்.”